கேள்விக்குக் கட்டம் இல்லை

"கையை விடுங்கம்மா, பசை காய்ஞ்சுடும்!"

"காயட்டும் சார். காய்ஞ்சா ஒட்டாது. ஒட்டக் கூடாதுன்னுதானே பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்!"

காப்பகத்தின் வாசல் கதவுக்கும் லைசென்ஸ் அதிகாரிக்கும் நடுவே, எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடும் பெண் நின்றிருந்தாள். அதிகாரியின் கையில் பசை பிரஷ். அந்தக் கையின் மணிக்கட்டு ரேடியோவின் இடது கைப்பிடியில். அவள் வலது இடுப்பில் மகள் சுண்டு, இரண்டே முக்கால் வயது, பசை டப்பாவுக்குள் விரலை விட்டுப் பார்க்க எட்டிக்கொண்டிருந்தாள்.

அதிகாரியின் அக்குளில் இடுக்கியிருந்த நோட்டீஸை ரேடியோ தலைகீழாகவே படித்துவிட்டாள். காப்பீடு இல்லாத கட்டடத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்தியதால் உரிமம் ரத்து. இன்று முதல்.

"மூணு கடுதாசி போட்டாச்சு" என்றார் அதிகாரி. "வீட்டு இன்சூரன்ஸ் பேப்பர் எங்கேன்னு கேட்டா ஒவ்வொரு தடவையும் 'வந்துடும், வந்துடும்'ங்கிறாங்க. நாளைக்கே தீப்பிடிச்சா யார் பதில் சொல்றது?"

"நீங்க தாராளமா ஒட்டுங்க. ஒட்டிட்டு உள்ள இருக்கிற ஒன்பது பேரையும் கூட்டிட்டுப் போயிடுங்க. ஆறு மணிக்குத்தான் அம்மா அப்பா வருவாங்க. ரெண்டு பேருக்கு டயப்பர் மாத்தணும். ஒருத்தன் கடிப்பான்."

உள்ளேயிருந்து சரியான நேரத்தில் ஓர் அலறல் கேட்டது. கடிப்பவனாகவோ கடிபட்டவனாகவோ இருக்கலாம். அதிகாரி பிரஷைத் தாழ்த்தினார்.

"நாலு மணி. நாலு மணிக்கு நான் திரும்பி வரும்போது கையில பேப்பர் இருக்கணும். இல்லேன்னா அவங்கவங்க அம்மாவுக்கு ஃபோன் போட்டுட்டு ஒட்டிட்டுப் போயிடுவேன்."

ரேடியோ மணிக்கட்டை விட்டாள். சுண்டுவின் அப்பா இப்போது வேறொரு வீட்டில் வேறு இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. மற்ற காப்பகங்களில் இடம் கேட்டால் அடுத்த வருஷம் வரச் சொல்கிறார்கள். இந்தக் கதவை மூடிவிட்டால் சுண்டுவை விட இடமில்லை, நாளைக் காலையிலிருந்து அவள் வேலைக்குப் போக முடியாது. வாயை மூடாத குணத்தால் ரேடியோ என்று பெயர் வாங்கியவள் இந்தக் கணக்கை மட்டும் யாரிடமும் சத்தமாகச் சொன்னதில்லை.

அவளுடைய முதலாளி தெருமுனையில் தெரிந்தார். தனியார் துப்பறிவாளர். போர்டில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் எல்லோருக்கும் அவர் நிதானம்தான். தீ விபத்து என்று ஃபோன் செய்தாலும் செருப்பைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

"சீக்கிரம் வாங்க சார்! ஆமைங்க எல்லாம் உங்களைப் பார்த்து ஹார்ன் அடிக்குது!"

"ஓடி வர்றவன் பாதியைப் பார்க்காம வருவான்" என்றபடி அவர் வந்து சேர்ந்தார். "காப்பகத்து அக்கா எங்கே?"

அக்கா கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது. மடியில் ஒன்று, தோளில் ஒன்று. பக்கத்தில் புதுப் பலகைகள் பதித்த தரை, மற்ற இடத்தைவிட ஒரு சாயல் வெளுப்பாகத் தெரிந்தது.

"போன வருஷம் வாஷிங் மெஷின் குழாய் வெடிச்சு, இந்தப் பலகை எல்லாம் ஊறிப்போச்சு" என்றார். "க்ளெய்ம் பண்ணேன். ஒரு குறையும் சொல்லாம கொடுத்தாங்க. அவ்வளவுதான் சார் நான் பண்ண பாவம். ரினியூவலுக்குப் போனா, ஒரே வருஷத்துல ரெண்டு க்ளெய்ம், இனிமே உங்க வீடு வேண்டாம்னுட்டாங்க."

"ரெண்டா?"

"நான் பண்ணது ஒண்ணுதான்."

"மத்த கம்பெனி?"

"ஆறு பார்த்துட்டேன். இதுவரைக்கும் எத்தனை க்ளெய்ம்னு ஃபாரத்துல கேக்குறாங்க. ஒண்ணுன்னு எழுதுறேன். எல்லா கம்பெனிக்கும் பொதுவா ஒரு பதிவேடு இருக்காம், அதுல ரெண்டுன்னு காட்டுது. பொய் சொல்றவங்களுக்குப் பாலிசி தர மாட்டோம்னு அனுப்பிடுறாங்க. அடுத்த இடத்துல போனா, இதுக்கு முன்னாடி யாராவது மறுத்திருக்காங்களான்னு வேற கேக்குறாங்க."

"அடப்பாவிங்களா! முதல்ல கதவைச் சாத்தினவனைக் காட்டி அடுத்தவன் சாத்துறானா?" என்றாள் ரேடியோ. "சும்மா இருந்தா நல்ல வாடிக்கையாளர். ஒரு தடவை கை நீட்டினா திருடி. எதுக்கு இவங்களுக்கு இன்சூரன்ஸ்னு பேரு?"

நிதானம் புதுப் பலகைகளைக் காலால் தட்டிப் பார்த்தார். "நமக்கு இருக்கிறது ஒரே ஒரு நூல். அந்த ரெண்டாவது க்ளெய்மைப் பண்ணது யாரு? அது தெரிஞ்சா பதிவேட்டைத் திருத்தலாம். திருத்திட்டா இன்னைக்கே பாலிசி கிடைக்கும்."

"விட்டுடுங்களேன் சார்" என்றார் அக்கா. "என் கொழுந்தன் ரொம்ப நாளா இந்த வீட்டைக் கேட்டுட்டு இருக்காரு. கொடுத்துட்டு எங்கேயாவது ஒண்டிக்கிறேன். உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

ரேடியோவுக்குக் காது நிமிர்ந்தது. கொழுந்தன்!

பையிலிருந்து ஒரு தாளை உருவினாள். என் பாலிசி தொடர்பான எல்லாப் பதிவுகளையும் பார்வையிட இவருக்கு அதிகாரம் அளிக்கிறேன் என்று எழுதி, 'இவர்' என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள். "ஒரு கையெழுத்து போடுங்கக்கா. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

அக்கா பேனாவை வாங்கவில்லை. "உன் பேரா எழுதியிருக்கே? சார் பேரை எழுதக் கூடாதா?"

"சார் போய்ச் சேர்றதுக்குள்ள பாலிசி காலாவதி ஆயிடும்."

"எல்லாத்தையும் காட்டுவாங்களா?"

"காட்டாம விட்டுடுவேனா?"

வெளியே அதிகாரி பசை டப்பாவைப் படியிலேயே விட்டுப் போயிருந்தார், திரும்பி வரப்போகிறேன் என்பதற்கு அடையாளமாக. அக்கா அதைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். சுண்டுவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவள் உச்சந்தலையை இரண்டு முறை தடவினார்.

ஸ்கூட்டரில் ரேடியோ முன்னால், நிதானம் பின்னால்.

"கொழுந்தன்தான் சார். சந்தேகமே வேண்டாம். அக்கா பேர்ல பொய் க்ளெய்ம் போட்டிருக்கான். இன்சூரன்ஸ் போகும், லைசென்ஸ் போகும், அக்கா வீட்டைக் கொடுத்துடுவாங்க. எவ்வளவு அழகா முடிச்சுப் போட்டிருக்கான் பாருங்க!"

"ஆளைப் பார்த்திருக்கியா?"

"ஒரு தடவை. குழந்தைங்களைப் பார்த்து மூக்கைச் சுருக்கினான். அந்த மூஞ்சியே சாட்சி."

"மூஞ்சியைக் கோர்ட்டுல தாக்கல் பண்ண முடியாது. சிக்னல் விழுந்தாச்சு, நில்லு."

"மஞ்சள்தான் சார்!"

"என் வயசுக்கு அது சிவப்பு."

இன்சூரன்ஸ் கம்பெனியின் கீழ்த்தளத்தில் ஏழு கவுண்டர்கள். ஆறில் 'அடுத்த கவுண்டருக்குச் செல்லவும்' என்ற அட்டை. ஏழாவதில் ஒரு மனிதர், எதிரில் நாற்பது பேர். அவர்கள் முறை வந்தபோது சுவர்க் கடிகாரம் இரண்டே முக்கால் காட்டியது.

கவுண்டர்காரர் அனுமதிக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சம்பந்தப்பட்டவங்க வரலையா?"

"சம்பந்தப்பட்டவங்க ஒன்பது குழந்தையைப் பார்த்துட்டு இருக்காங்க. அவங்க வந்தா ஒன்பதும் வரும். வரச் சொல்லட்டுமா? உங்க பிரிண்டரை ரொம்பப் பிடிக்கும் அதுங்களுக்கு."

பிரிண்டர் உடனே உறுமியது. இரண்டாவது க்ளெய்மின் முழு ஜாதகமும் ஒரே தாளில் வந்துவிட்டது. பதிவான முறை: தொலைபேசி. நேரம்: மதியம் ஒன்று இருபது. அழைப்பு நீடித்தது: நான்கு நிமிடம். காரணம்: மற்றவை. வழங்கிய தொகை: இல்லை. அதே நாளில் முடித்துவைக்கப்பட்டது.

"ஒண்ணுமே கொடுக்கலையா? ஒண்ணும் கொடுக்காத க்ளெய்முக்கா ஒரு பொம்பளையைத் தெருவுல நிறுத்துறீங்க?" ரேடியோவின் குரலில் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"கொடுத்தோமா இல்லையாங்கிறது கணக்கு இல்லைம்மா. எத்தனை தடவைங்கிறதுதான் கணக்கு."

நிதானம் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மாடிப்படியை நோக்கி நடந்தார்.

"சார், என்ன தோணுது?"

"பொய் க்ளெய்ம் போடுறவன் எவ்வளவு நேரம் பேசுவான்?"

"எதிர்ல இருக்கிறவங்க நம்புற வரைக்கும்."

"குழாய் வெடிச்சுது, கூரை ஒழுகுது, இன்ன சேதம், எப்போ ஆள் அனுப்புறீங்க... அரைமணி நேரமாவது ஆகும். நாலு நிமிஷத்துல ஒருத்தர் என்ன பண்ண முடியும்?"

"உங்களால ஹலோ சொல்ல முடியும்."

அவர் சிரிக்கவில்லை. அது ரேடியோவுக்குக் கொஞ்சம் வித்தியாசமாகப் பட்டது. அவள் ஜோக்குக்குச் சிரிக்காவிட்டாலும் மூக்கு வழியாக ஒரு காற்றாவது விடுவார்.

"ஒண்ணு கேட்கணும்" என்றார் இரண்டாம் மாடித் திருப்பத்தில். "காப்பகத்துல குழந்தைங்க எப்போ தூங்கும்?"

"சாப்பாடு முடிச்சு ஒரு மணிக்குப் படுக்க வைப்பாங்க. ரெண்டு, ரெண்டே கால் வரைக்கும் தூங்கும். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

நிதானம் சும்மா எதையும் கேட்பவர் இல்லை. ஆனால் ரேடியோவின் மண்டை முழுக்க அப்போது கொழுந்தன்தான் சுருக்கிய மூக்கோடு உட்கார்ந்திருந்தான்.

நான்காவது மாடி. வரிசை வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தலை, ஒவ்வொரு தலையிலும் ஒரு ஹெட்போன். சூப்பர்வைசர் அம்மா தாளைப் பார்த்தார். "பதினேழாம் நம்பர் சீட்" என்று ஒரு பெண்ணைக் காட்டினார். அந்தப் பெண்ணுக்கு இருபத்திநாலு வயது இருக்கும். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது.

"எனக்கு ஞாபகம் இல்லை மேடம். ஒரு நாளைக்குத் தொண்ணூறு கால் எடுக்குறோம்."

"ஞாபகம் வேண்டாம்மா" என்றார் நிதானம். "ஒருத்தர் பேசி முடிச்சதும் நீ என்ன பண்ணுவே? அதை மட்டும் காட்டு."

அவள் திரையைத் திருப்பினாள். "அழைப்பை முடிக்கணும்னா கீழே இருக்கிற ஒரு கட்டத்தை அமுக்கணும் சார். அமுக்கினாத்தான் அடுத்த கால் வரும்."

மூன்று கட்டங்கள் இருந்தன. புதுப் பாலிசி. க்ளெய்ம். புகார்.

"ஒருத்தர் சும்மா ஒரு விஷயம் கேக்குறார்னு வச்சுக்கோ. இதுக்கு இன்சூரன்ஸ் உண்டான்னு. அப்போ எதை அமுக்குவே?"

அந்தப் பெண் சூப்பர்வைசரைப் பார்த்தாள். சூப்பர்வைசர் ஜன்னலைப் பார்த்தார்.

"புதுப் பாலிசின்னு விற்பனைப் பிரிவு மட்டும்தான் அமுக்கலாம் சார். புகார்னு அமுக்கினா எங்க மார்க் குறையும். அதனால..."

"அதனால?"

"க்ளெய்ம்னு அமுக்கி, தொகை இல்லைன்னு போட்டு, அன்னைக்கே மூடிடுவோம். எல்லாரும் அப்படித்தான் பண்றோம். சேர்ந்த அன்னைக்கே பக்கத்து சீட்டுல சொல்லிக் கொடுத்தாங்க."

ரேடியோ இரண்டு விநாடி வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு திறந்த வாயை வீணாக்காமல் பேசினாள்.

"அப்போ பொய் க்ளெய்மும் இல்லை, கொழுந்தனும் இல்லை! யாரோ ஃபோன் பண்ணி ஒரு சந்தேகம் கேட்டிருக்காங்க. அவ்வளவுதானா? கேள்விக்கு ஒரு கட்டம் போட உங்க ஸ்கிரீன்ல இடம் இல்லை, அதுக்கு அக்கா வீட்டைக் காலி பண்ணணுமா? ஏம்மா, இந்த மாதிரி எத்தனை பேரை மூடியிருக்கே?"

"ரேடியோ, அந்தப் பொண்ணைத் திட்டாதே" என்றார் நிதானம். "கட்டம் போட்டவன் இந்த மாடியில இல்லை."

"இருக்கவே மாட்டான். அவனுக்கு லிஃப்ட் வேலை செய்யுற மாடி வேணும்."

சூப்பர்வைசர் அம்மா மோசமானவர் இல்லை. பல வருஷமாக யாராவது வந்து கேட்பார்கள் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தவர் போல, இழுப்பறையிலிருந்து ஒரு திருத்தல் படிவம் எடுத்தார். "இது விசாரணைதான், க்ளெய்ம் இல்லைன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டா பதிவேட்டுல இருந்து உடனே எடுத்துடுவாங்க. கீழேயே ரினியூவல் பண்ணிக்கலாம். ஒரு நிபந்தனை. பேசின பதிவைப் போட்டுக் காட்டணும். பாலிசிக்காரரோ அவரோட அனுமதி வாங்கினவரோ அதைக் கேட்டுட்டு, ஆமா, கேள்விதான்னு கையெழுத்துப் போடணும்."

"நான் கேக்குறேன்" என்றார் நிதானம் உடனே. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு காரியத்துக்கு அவசரப்பட்டார்.

சூப்பர்வைசர் அனுமதிக் கடிதத்தைப் பார்த்தார். "இதுல இந்தப் பொண்ணு பேருதான் இருக்கு."

"ரேடியோ, நீ கீழே போய் ஸ்கூட்டரை எடுத்து வாசல்ல நிறுத்து. நேரம் ஆச்சு. கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போ, நான் கேட்டுக்கிறேன்."

"நல்லா இருக்கே! ஓடி ஓடி அலைஞ்சது நான். க்ளைமாக்ஸை மட்டும் நீங்க தனியாக் கேப்பீங்களா?"

"சொன்னாக் கேளும்மா."

அவர் அவளை 'ம்மா' போட்டு அழைத்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரிகளில்தான் அப்படிப் பேசுவார்கள். மணி மூன்று பத்து. அவள் ஹெட்போன் பெண்ணின் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"போடுங்க மேடம்."

சூப்பர்வைசர் ஒலிபெருக்கியைத் தட்டினார். கரகரப்பு. பிறகு பதினேழாம் நம்பர் சீட்டின் வணக்கம். பாலிசி எண், பிறந்த தேதி, வீட்டு விலாசம். பதில் சொன்ன குரலைக் கேட்டதும் ரேடியோ நிதானத்தைத் திரும்பிப் பார்த்தாள். ரகசியம் பேசுவதுபோல் தாழ்ந்த குரல். தூங்கும் குழந்தைகளை எழுப்பிவிடாமல் பேசுகிறவர்களின் குரல்.

"இது அக்கா சார்! அக்காவேதான். அப்புறம் ஏன் நமக்குச் சொல்லலை?"

நிதானம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'சொல்லுங்க மேடம், என்ன சேதம்?'

'சேதம் இல்லைங்க. ஒரு சந்தேகம். வீட்டுல... நான் குழந்தைங்களைப் பார்த்துக்கிறேன். மாடிப்படியில ஒரு குழந்தை விழுந்துடுச்சு. அதுக்கு இந்தப் பாலிசியில ஏதாவது உண்டா?'

'அடி பலமா மேடம்?'

'வெளியில காயம் ஒண்ணும் இல்லைங்க. ஆனா ரெண்டு நிமிஷம் மூச்சுப் பேச்சே இல்லாமக் கிடந்துச்சு. தண்ணி தெளிச்சு, உள்ளங்காலைத் தேய்ச்சு... அப்புறம் கண்ணைத் திறந்து அழுதுச்சு. இப்போ தூங்குது. பின்னாடி ஏதாவது ஆச்சுன்னா, இன்சூரன்ஸ் கொடுக்குமா?'

ரேடியோவின் கையில் பேனா நின்றது.

"கடவுளே" என்றாள். "யாரு குழந்தை சார் அது? அந்தக் கடிக்கிறவனா? ரெட்டைச் சடைப் பொண்ணா? இவ்வளவு நடந்திருக்கு, வாயைத் திறக்கலையே அக்கா! அந்த அம்மாவும் இருக்காளே, சாயந்திரம் வந்து தூக்கிட்டுப் போயிருப்பா. 'இன்னைக்கு நல்லாத் தூங்கினா'ன்னு இவங்க சொல்லியிருப்பாங்க. அவளும் பல்லைக் காட்டிட்டுப் போயிருப்பா. பெத்த குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு தெரியாத மண்டு!"

"நிறுத்துங்க மேடம், போதும்" என்றார் நிதானம் சூப்பர்வைசரிடம். "கேள்விதான்னு தெரிஞ்சுபோச்சு. கையெழுத்துப் போட்டுடலாம்."

"முழுசாக் கேக்கணும் சார், இன்னும் அரை நிமிஷம்தான்."

'அது குழந்தைக்குத் தனியா எடுக்கிற பாலிசி மேடம். உங்களோடது வீட்டுக்கு மட்டும்தான்' என்றது பதினேழாம் நம்பர் சீட். அதன் பிறகு, எந்தப் புத்தகத்திலும் எழுதிக் கொடுத்திராத ஒரு கேள்வியை அந்தப் பெண் தானாகவே கேட்டாள். 'குழந்தையோட அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?'

ஒலிபெருக்கியில் வெறும் மூச்சு மட்டும் ஓடியது. தூரத்தில் ஏதோ குழந்தை ஒன்று தூக்கத்தில் சிணுங்கியது.

'இல்லைங்க. சொன்னா நாளையிலிருந்து ஒரு குழந்தையும் வராது. அதுலயும் இவகிட்ட எப்படிச் சொல்றது? துப்பறியுற ஆபீஸ்ல வேலை பார்க்குறா. சாயந்திரம் வரும்போது நான் சொல்லாமலே கண்டுபிடிச்சுடுவாளோன்னு பயமா இருக்கு. இப்போகூட என் தோள்லதான் தூங்குது சுண்டு.'